நீருக்கு மருத்துவம்

நோயுற்ற மனிதன் தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்கிறான். ஆடுமாடுகள் கத்தித் தம் வலியை உணர்த்துகின்றன. மீனுக்கோ அழுகையும் இல்லை, முனகலும் இல்லை. கண்ணுக்கு இமை இல்லாமையால், அது உறங்குகிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்று பிரித்தறிவதும் எளிதன்று. ஆகவே, கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர், அது சொல்லாத நோயைத் தாமே கண்டறிய வேண்டியவராகிறார்.

ஈப்போ நகரின் புறத்தே உள்ள வரிசை வீடுகளுள் ஒன்றில், எண்பது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் மகன் குடும்பத்தோடு வாழ்ந்து வருகிறார். அவர் இளமையில் ரப்பர்த் தோட்டத்து மருத்துவமனையில் டிரசராகப் பணியாற்றியவர். அவருடைய பெயர்த்தி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி. பிறந்தநாளுக்குத் தந்தை வாங்கித் தந்த இரண்டடி நீளத் தொட்டியில் இரண்டு தங்கமீன்களை அவள் வளர்த்து வந்தாள்.

இரவுச் சந்தையில் நெகிழிப் பையொன்றில் தனியே தொங்கிக்கொண்டிருந்த மீனைக் கண்டு இரங்கி, அதையும் வாங்கி வந்து அன்றிரவே தொட்டியில் விட்டாள். மூன்று மீன்களுக்கும் நாள்தோறும் நான்கு முறை உணவிட்டாள். தின்றது போக எஞ்சியது கற்களின் இடுக்கில் தங்கியது. சனிக்கிழமை காலையில் தொட்டியைத் தூய்மையாக்க எண்ணி, நீர் முழுவதையும் கொட்டினாள். கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் நன்றாக அலசினாள். குழாய்நீரையே மீண்டும் நிரப்பினாள். தொட்டி பளிங்குபோல் மின்னியது. அவள் செய்தவை யாவும் அன்பினால் செய்தவையே.

செவ்வாய்க்கிழமை புதிய மீனின் வாலில், உப்புத்தூளைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றின. புதன்கிழமை மற்ற இரண்டும் கற்களில் உடலை உரசத் தொடங்கின. வியாழக்கிழமை விடியலில் புதிய மீன் இறந்து மிதந்தது.

"தாத்தா, கடையில் நீல மருந்து விற்கிறார்களாம். அப்பாவை வாங்கி வரச் சொல்லட்டுமா?" என்று கண்ணீரோடு கேட்டாள் சிறுமி.

முதியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டியின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தார். பிறகு, "மருந்து இருக்கட்டும், அம்மா. முதலில் தண்ணீரைப் பார்ப்போம்" என்றார். மீன் வளர்ப்பைப் பற்றிய நூல் ஒன்றை மகனை வாங்கி வரச் செய்து, அன்றிரவே படித்தும் முடித்தார்.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அம்மோனியாவாக நீரில் விடுகிறது. அழுகும் உணவிலிருந்தும் அதே நஞ்சு பிறக்கிறது. வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் அவை பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகும். குழாய்நீரில் மனிதரின் நலம் கருதிக் கலக்கப்படும் குளோரினோ அந்த நல்லுயிர்களை அழிப்பதோடு, மீனின் செவுள்களையும் புண்படுத்துகிறது. கண்ணுக்குத் தெளிவாக இருந்த அந்த நீர், மீனுக்குத் தீயதாக இருந்தது.

வலுவிழந்த மீன்களைப் பற்றிய நோய் வெண்புள்ளி நோய். அதனை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு 1876-ஆம் ஆண்டில் ஃபூக்கே என்னும் அறிஞர் சூட்டிய பெயர், 'பல பிள்ளைகளை உடைய மீன்பேன்' என்று பொருள்படும். மீனின் தோலுக்கு அடியில் அது வளர்வதே வெண்புள்ளியாகத் தெரிகிறது. வளர்ந்ததும் உதிர்ந்து தொட்டியின் அடியில் தங்கி, உறையொன்றை உண்டாக்கிக்கொண்டு, அதனுள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் மீனைத் தேடி நீந்துகின்றன. இரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் மடிகின்றன. தோலுக்குள் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதனை எட்டுவதில்லை. அது நீரில் நீந்தும் அந்தச் சிறுபொழுதே மருத்துவத்துக்கு உரிய காலம்.

மறுநாள் முதல் மருத்துவம் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் காலையில் சிறுமி மெல்லிய குழாயினால் தொட்டியின் அடியிலிருந்து கால்பங்கு நீரை உறிஞ்சி வெளியேற்றினாள். உறைகளும் அழுக்கும் அதனோடு சென்றன. குளோரின் நீக்கும் படிகங்கள் இட்டு, முந்தைய நாளே வாளியில் வைத்திருந்த நீரை மெல்ல ஊற்றினாள். ஒரு லிட்டருக்கு 2 கிராம் என்னும் கணக்கில் உப்பை நிறுத்துக் கரைத்தாள். வெப்பமான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும் என்பதால் காற்றுக் கருவி இரவும் பகலும் ஓடியது. உணவு மட்டும் இரண்டு நாட்களுக்கு ஒரு முறை, ஒரு சிட்டிகையே தரப்பட்டது. மீன்கள் கண்ணாடியருகே வந்து வாய் திறந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அவளுக்கு மிகக் கடினமாக இருந்தது.

நான்காம் நாள் புள்ளிகள் மறைந்தன. சிறுமி துள்ளிக் குதித்தாள். முதியவர் சிரிக்கவில்லை. "புள்ளி மீனை விட்டுத்தான் போயிருக்கிறது, தொட்டியை விட்டுப் போகவில்லை. இன்றுதான் கவனம் வேண்டிய நாள்" என்றார். அவர் சொன்னவாறே, இரண்டு நாட்களில் சில புள்ளிகள் மீண்டும் தோன்றின. சிறுமி உறிஞ்சுகுழாயை மறுபடியும் எடுத்தாள்.

அன்று மாலைதான் அவள் பல நாட்களாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டாள்: "தாத்தா, அந்த மீனை நான்தான் கொன்றேனா?"

இல்லை என்று சொல்லித் தேற்றுவது எளிது. முதியவர் அவ்வாறு செய்யவில்லை.

"அது நோயோடுதான் வந்தது. ஆனால், நீ கெடுத்த தண்ணீர் அதை இன்னும் வாட்டியது. தெரியாமல் செய்தாய்; இப்போது தெரிந்துகொண்டாய். நானும் ஒருமுறை அப்படித் தெரிந்துகொண்டவன்தான், அம்மா" என்றார்.

தோட்டத்து லயத்திலிருந்து வயிற்றுப்போக்கோடு ஒரு குழந்தையைத் தாய் தூக்கி வந்தாள். இளம் டிரசர் மருந்து கொடுத்தார், குழந்தை தேறியது. மறுமாதமும் தூக்கி வந்தாள், மீண்டும் தேறியது. மூன்றாம் முறையும் அவ்வாறே. நான்காம் முறை தாய் வரவில்லை, செய்திதான் வந்தது. அதன் பிறகே அவர் அந்த லயத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தார். கிணற்றுக்கு அருகிலேயே சாக்கடை தேங்கியிருந்தது. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து மலேரியாவைக் குறைத்த வரலாற்றை அவர் பயிற்சிக் காலத்தில் படித்தவர்தாம். படித்தது அந்த நாள்வரை அவருடைய கால்களை எட்டவில்லை. அன்றிலிருந்து எந்த லயத்தில் நோய் கண்டாலும், மருந்துப்பெட்டியைத் திறப்பதற்கு முன் அவர் கிணற்றடிக்கு நடந்தார்.

நோயின் மூலத்தைத் தேடச் சொல்லும் வள்ளுவரின் குறளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள்தான் அந்தச் சிறுமி. அதன் பொருள் அன்று தொட்டியருகே அவளுக்கு விளங்கியது. மாணவரின் தேர்வுப் புள்ளிகளை மட்டும் எண்ணிக் கவலையுறும் ஆசிரியர்க்கும் இதில் பாடம் உண்டு. வாடிய பிள்ளை எந்த நீரில் நீந்தி வகுப்பறைக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டுமன்றோ!

மூன்று வாரங்கள் கழிந்தன. இரண்டு தங்கமீன்களும் பிழைத்தன. ஒன்றின் வால் நுனியில் மட்டும் சிறு கிழிசல் எஞ்சியது. தந்தை மற்றொரு மீன் வாங்கி வந்தபோது, சிறுமி அதைத் தொட்டியில் விடவில்லை. தனி வாளியொன்றில் விட்டுக் காற்றுக் குழாயை இட்டாள். நாட்காட்டியில் அன்றைய நாளை வட்டமிட்டு, அங்கிருந்து மூன்று வாரங்களை எண்ணி மற்றொரு வட்டமும் இட்டாள். முதியவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியது எதுவும் எஞ்சியிருக்கவில்லை.