ஸ்காபரோவிலிருந்து தம்பிக்கு



நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். தொலைபேசியில் பதில் சொன்னால் பாதியில் "சரி அக்கா, சரி அக்கா" என்று வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைக் கடைசிவரை வாசி. மச்சாளுக்கும் காட்டு. அவளுக்குக் காட்டக்கூடாது என்று உனக்குத் தோன்றும் இடங்களைத்தான் முக்கியமாய்க் காட்டு.

"இந்த நாடு இனித் திருந்தாது அக்கா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கயே வாறன்" என்று சொன்னாய். உன் கோபம் எனக்குப் புதிதில்லை. 2022 மே மாதம் நீ கொழும்பில் காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போய், முள்ளிவாய்க்கால் நினைவுநாளில் அங்கே காய்ச்சிய கஞ்சியைச் சிங்களப் பெடியங்களோடு நின்று குடித்ததாய்ச் சொன்னபோது, அம்மா பயத்தில் அழுதா. "சிங்களவன்ர சண்டைக்குள்ள இவனுக்கென்ன வேலை" என்று பெரியப்பா ஏசினார். எனக்கு உன்னை நினைக்கப் பெருமையாய் இருந்தது, அதை அப்போது அம்மாவுக்குச் சொல்லவில்லை. பிறகு ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது, கோத்தபாய மாலைதீவுக்கு ஓடினார், 20ஆம் தேதி பாராளுமன்றம் ரணிலை ஜனாதிபதியாய்த் தெரிவு செய்தது, 22ஆம் தேதி விடியப்புறம் இராணுவம் வந்து கூடாரங்களைப் பிடுங்கியது. அன்றைக்கு உன் குரலில் இருந்த சலிப்புத்தான் இன்றைக்கும் இருக்கிறது. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தபோது கொஞ்சம் தெளிந்தாய். இப்போது அதுவும் போய்விட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே இருக்கிறது, விகாரை கட்டின தையிட்டிக் காணி அப்படியே கிடக்கிறது, செம்மணிப் புதைகுழியில் தோண்டத் தோண்ட எலும்பு வருகிறது. நீயோ பிரதேச செயலகத்தில் ஒரு மேசையும் நாலு கோப்பும் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரின் சிபாரிசுக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாய். இதையெல்லாம் பார்த்து உனக்குக் கோபம் வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

ஆனால் கோபத்துக்குக் கனடாவில் விசா இல்லை, ராசா. அதை முதலில் விளங்கிக்கொள்.

அந்த ஏஜென்சிக்காரன் உனக்குச் சொன்னது எனக்குத் தெரியும். விசிட் விசாவில் வந்து இறங்கு, இறங்கினதும் அகதி என்று கேஸ் போடு, வேர்க் பெர்மிட் வரும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். 2023இல் யாழ்ப்பாணம் முழுக்க இந்தக் கதைதான் ஓடியது. அந்த வருடம் பெப்ரவரியில், திரும்பிப் போவேன் என்பதற்கு ஆதாரம் காட்டத் தேவையில்லை என்று கனடா ஒரு தற்காலிகத் தளர்வு கொடுத்தது. டிசம்பரோடு அது முடிந்துவிட்டது. மூடின கதவுக்கு இன்றைக்கும் கட்டணம் வாங்குகிற ஆட்கள் உன்னைச் சுற்றி இருக்கிறார்கள். 2022 நவம்பரில் கனடாவுக்குப் போகலாம் என்று கப்பலேறி, கடலில் தத்தளித்து, வியட்நாமில் கொண்டுபோய் இறக்கப்பட்ட 303 பேரை மறந்துவிட்டாயா? அவர்களிடமும் இப்படித்தான் யாரோ காசு வாங்கியிருந்தான்.

எங்கட பேஸ்மென்டில் இருக்கிற பெடியனும் அந்தத் தளர்வில் வந்தவன்தான். ஊரில் வாத்தியாராய் இருந்தவன், நல்லவன், தன்மையானவன். இங்கே ஏஜென்சி மூலம் ஒரு கிடங்கில் இரவு வேலை. 2025 ஒக்டோபரில் ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 17 டொலர் 60 சதமாக்கினார்கள். எங்கட பக்கம் ஒரு அறைக்கே எண்ணூறு தொள்ளாயிரம் டொலர் போய்விடும், அதற்குமேல் ஊரில் வட்டிக்கு எடுத்த காசு. விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. 2024 முடிகிறபோது அகதிச் சபையில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட கேஸ்கள் தேங்கிக் கிடந்தன என்றால், அவனுடைய முறை எப்போது வரும் என்று நீயே யோசி. போன வருடம் அவன் தகப்பன் மோசம் போனார். கேஸ் போட்டபோதே கடவுச்சீட்டை எல்லை அதிகாரிகள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். செத்தவீட்டையும் முப்பத்தொன்றையும் போனில்தான் பார்த்தான். கீழே இருந்து அவன் அழுகிற சத்தம் கேட்டு அத்தான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒன்றும் கதைக்காமல் மேலே ஏறி வந்தார்.

கேஸ் வென்றாலும் கதை அதோடு முடியாது. அகதியென்று ஏற்றுக்கொண்ட பிறகு நீ ஊருக்கு ஒருக்கா போய்வந்தால், "பயம் என்றாயே, பிறகேன் போனாய்" என்று பாதுகாப்பையே ரத்துச் செய்யக் கேட்கலாம். அதோடு நிரந்தர வதிவிடமும் பறிபோகும். குடியுரிமை எடுக்கும்வரை இந்த ஆபத்து தலைக்கு மேல்தான். அம்மாவுக்கு எத்தனை வயது, சீனி எவ்வளவு, கால் வீக்கம் எப்படி என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிழமைக்கு ஒருக்கா கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் நீதானே.

இனி நான் சொல்லப்போவதுக்கு நீ கோபிப்பாய், பரவாயில்லை. கேஸ் போடுவதென்றால் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்கவேணும். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்று காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றால் உன்னைத் துன்புறுத்துவார்கள் என்ற நியாயமான பயம் உனக்கு இருக்கவேணும். வரி கூடிப்போச்சு, பதவி உயர்வு கிடைக்கவில்லை, அரசியல்வாதிகளைப் பார்க்க வயிறு எரிகிறது என்பதெல்லாம் அதற்குள் வராது. அப்போ என்ன செய்வார்கள்? உனக்கு ஒரு கதை எழுதித் தருவார்கள். உன்னை யார் பிடித்தது, எந்த முகாமில் வைத்தது, எதால் அடித்தது எல்லாம் அதில் இருக்கும். அதைப் பாடமாக்கி, வருடக்கணக்கில் சுமந்து, ஒருநாள் சபை உறுப்பினருக்கு முன்னால் தடுமாறாமல் சொல்லவேணும். சின்ன வயதில் மாங்காய் களவெடுத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு பொய் சொல்லத் தெரியாமல் அழுத பிள்ளை நீ.

அதைவிட, அத்தானின் முதுகை நீ கிணற்றடியில் பார்த்திருக்கிறாய். அந்தத் தழும்புகள் எப்படி வந்தன என்று உனக்குத் தெரியும். அவற்றைக் காட்டித்தான் அவர் இங்கே நின்றார். உண்மையாய்ப் பயந்து வருகிறவன் இப்போதும் இருக்கிறான், நேற்றும் வந்திருப்பான். பொய்க் கேஸ் ஒவ்வொன்றும் அவனுடைய வரிசையைத்தான் நீட்டுகிறது. என் தம்பி அந்த வாசலால் வருகிறான் என்று அத்தானுக்கு என்னால் சொல்ல ஏலாது. அவர் உன்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லமாட்டார், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

இங்கேயும் காற்று மாறிவிட்டது. 2025க்கு 5 லட்சம் பேரை நிரந்தரமாய் எடுப்போம் என்றவர்கள் அதை 395,000 ஆகக் குறைத்தார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கும் உச்சவரம்பு போட்டார்கள். 2025 ஜூனில் எல்லைச் சட்ட மசோதா ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. நாட்டுக்குள் வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு அகதி என்று கேட்டால் அந்தக் கேஸ் சபைக்கே போகாது என்று அதில் இருந்தது. கொண்டுவந்த அமைச்சர் யார் தெரியுமா? எங்கட கரி ஆனந்தசங்கரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து 1983இல் சின்னப் பிள்ளையாய் இங்கே வந்தவர். இங்கத்தைத் தமிழ்க் கடைகளில் அன்றைக்கு இதே கதைதான், பாதிப்பேர் ஏசினார்கள், பாதிப்பேர் "சரியாத்தான் செய்யிறார்" என்றார்கள். உண்மையைச் சொன்னால், புதிதாய் வருகிறவர்களைப் பற்றி மோசமாய்க் கதைப்பதில் எங்கட ஆட்கள் வெள்ளைக்காரனுக்குக் குறைந்தவர்கள் இல்லை. "நாங்கள் வரேக்க ஒருத்தரும் ஒண்டும் தரேல்ல" என்று தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். தந்தார்கள் தம்பி. எல்லாருக்கும் யாரோ ஒருவர் ஒரு குளிர்க்கோட்டாவது தந்தார்கள்.

உன்னிடம் இன்னொன்றும் கேட்கவேணும். அரசியலில் வெறுத்துத்தான் வருகிறேன் என்கிறாயே, வந்த பிறகு உன் அரசியல் எங்கே இருக்கும்? இலங்கை வெளிநாட்டில் இருப்பவனுக்கு வாக்குப் போட வசதி செய்து கொடுப்பதில்லை. இங்கே குடியுரிமை எடுத்தவனுக்குத்தான் வாக்கு. அதற்கு நிரந்தர வதிவிடம் கிடைத்து, ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்திருக்கவேணும். கேஸ் வழியில் வந்தால் அந்த நிரந்தர வதிவிடத்துக்கே எத்தனையோ வருடம். இரட்டைக் குடியுரிமை எடுத்துத் திரும்பிப் போய்த் தேர்தலில் நிற்கலாம் என்று நீ ஒருமுறை பகிடியாய்ச் சொன்னாய். 2022இல் வந்த 21ஆம் திருத்தம் அதையும் மூடிவிட்டது. நாட்டைத் திருத்தவேணும் என்று தொண்டை கிழியக் கத்தினவன், நல்ல நாற்பதுகளை எந்த நாட்டிலும் வாக்கில்லாமல் கழிக்கப்போகிறாய். அப்போதும் ஊர்ச் செய்திதான் பார்ப்பாய். இரவு இரண்டு மணிக்கு யூடியூபில் பாராளுமன்றச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிற எத்தனை பேரை எனக்குத் தெரியும். அத்தானே ஒரு உதாரணம்.

இவ்வளவும் சொன்னதால் வராதே என்கிறேன் என்று நினைக்காதே. வா. நீங்கள் மூன்று பேரும் பக்கத்தில் இருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் வேறு கடிதமாய்ப் போய்விடும். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். தைப்பொங்கலுக்கு நான் பொங்கி, நானே படைத்து, நானும் அத்தானும் மட்டும் சாப்பிடுகிறோம். என் ஆசைக்கு நீ வருவதென்றால் நாளைக்கே விமானமேறச் சொல்வேன். அதனாலேயே என் ஆசையை நம்பாமல் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.

புள்ளி முறையில் விண்ணப்பி. இருபதிலிருந்து இருபத்தொன்பது வயதுவரை வயதுக்கு முழுப் புள்ளி. பிறகு ஒவ்வொரு பிறந்தநாளும் கொஞ்சம் கழிக்கும், நாற்பத்தைந்தில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் இழுத்தடிக்காதே. முதன்மை விண்ணப்பதாரியாய் மச்சாளைப் போடு. அவள் பயிற்சி பெற்ற தாதி. சுகாதாரத் துறைக்கென்று 2023இலிருந்து தனியாய்த் தெரிவு நடத்துகிறார்கள். உன் அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவியை இங்கே ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது. அவள் முன்னுக்கு நின்றால் உன் மீசைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவளுக்கும் லேசில்லை. ஒன்ராறியோத் தாதியர் கல்லூரியில் பதிய வேணும், என்கிளெக்ஸ் என்ற சோதனை எழுதவேணும். படிக்கிற காலத்தில் சமையலை நீ பார்.

நீ பிரெஞ்சு படி. சிரிக்காதே. பிரெஞ்சு தெரிந்தவர்களை மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்த புள்ளியிலேயே எடுக்கிறார்கள். பாரிஸில் லா சப்பலில் கடை வைத்திருக்கிற சித்தியின் மகனுக்கே கணக்கு எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டது, உனக்கு வராதா? மூன்று பேர் குடும்பத்துக்கு 23,000 டொலருக்கு மேல் கைக்காசு காட்டவேணும், கடன் வாங்கிக் காட்ட முடியாது. அதில் ஒரு பகுதியை நானும் அத்தானும் அன்பளிப்பாய்த் தருவதென்று பேசி முடித்தாயிற்று. வேலையை விட்டு எறிந்துவிட்டு வராதே. அரச ஊழியர் சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று 2022இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று உன் நிருவாகக் கிளையில் நாளைக்கே கேள்.

இப்படி வந்தால் இரண்டு மூன்று வருடம் பிந்தும். ஆனால் அம்மாவுக்கு ஒன்றென்றால் அடுத்த விமானத்தில் போகலாம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் "அப்பா எப்படி வந்தவர்" என்று கேட்டால் கதை கட்டத் தேவையில்லை. புள்ளி போதாமல் போனால், ஊரிலேயே இருந்து அந்தச் சிபாரிசுக் கடிதக்காரனோடு சண்டை பிடி. அதற்கும் ஆள் வேணும்தானே.

அம்மாவின் சீதனக் காணி உறுதி அந்த ஏஜென்சிக்காரனிடம் போய்விட்டதா, இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா என்று மச்சாளிடம் கேட்டேன். அவள் மழுப்பினாள். கொடுத்திருந்தால் நாளைக் காலையே போய் வாங்கி, அம்மாவின் கையில் கொடு. அட்வான்ஸ் போனால் போகட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு உங்கட நேரம் இரவு எட்டு மணிக்கு எடுக்கிறேன். அதற்கு முன் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதே.

அன்புடன்,
அக்கா