நாலு வரிதானே என்று விட்டிருந்தால்..?

கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்தால் ஓடும் சின்ன டூல் அது. என்ன நடந்தது என்று ஃபைலில் குறித்துவைக்க, சீனியர் நாலு வரி கோடு எழுதியிருந்தார். ரிவ்யூ செய்ய வேண்டியவளோ வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம். டெஸ்ட் எல்லாம் பாஸ். அப்படியே 'ஓகே' கொடுத்திருக்கலாம். (பலரும் அதைத்தானே செய்கிறார்கள்!)

ஆனால், யூஸர் அடிக்கும் கமாண்டை முழுசாகப் பதிவு செய்தது ஒரு வரி. அதில் பாஸ்வேர்டும் இருந்தால்?

2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனாளர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னதும் இதே மாதிரி சிக்கலால்தான். மறைத்துச் சேமிப்பதற்கு முன்பே, நிறுவனத்தின் உள் லாக்கில் பாஸ்வேர்டுகள் அப்படியே பதிவாகியிருந்தன.

'சார், பாஸ்வேர்டும் லாக்ல விழுமே?' தயங்கித்தான் கமென்ட் போட்டாள்.

பத்து நிமிடத்தில் பதில்: 'அந்த வரியைத் தூக்கிட்டேன். டெஸ்ட் பண்ணப்ப அடிச்ச என் பாஸ்வேர்டே அதுல கிடக்குதும்மா!'