மழை விட்டதும் முதல் வேலை

நம்ம குரும்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் போய்த்தான் ஏறணும். இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில மண் சரிஞ்சு ஊட்டி ரயில் நின்னுபோச்சுன்னு செய்தி வந்தா மனசு அங்க போயிடும். குன்னூர் வரைக்கும் 1899லயே ஓட ஆரம்பிச்ச வண்டி அது.

கல்லாறு தாண்டினா ஏறக்குறைய 12 அடிக்கு ஒரு அடி ஏத்தம். தண்டவாளத்துக்கு நடுவுல பல்சட்டம். இன்ஜினோட பல்சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறும். பல்லுக்குள்ள கல்லு மாட்டினா வம்பு. மண்ணை அள்ளி, பாறையைத் தள்ளி, காலி வண்டி விட்டுப் பார்த்துத்தான் ஆளை ஏத்துவாங்க.

கஷ்டம் என்னன்னா, அடிமண்ணு அரிச்சுப் போயிருந்தாலும் மேல எல்லாம் நேராத்தான் தெரியும். நம்ம வரப்பும் அப்படித்தான். உள்ள எலிவளை இருக்கும், மிதிச்சாத்தான் தெரியும். எங்க கிணத்துமேட்டு வரப்பை இன்னும் மிதிச்சுப் பார்க்கல. அதுக்குக் கீழதான் சின்ன வெங்காயம் நிக்குது.