மைக் யார் கையில்?

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் ஆல்பம் 'மகிழ்ச்சி'. கோயம்புத்தூரில் ஒரு மகளிர் விடுதி அறையில், ஒரே இயர்போனை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டுதான் அதைக் கேட்டோம். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்த குழு அது. பா. இரஞ்சித் முன்னெடுக்க, டென்மா இசையமைக்க, 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. சாவு வீட்டில் ஒலித்த பழைய கானா, பறையோடும் கிடாரோடும் ராப்போடும் சேர்ந்து நிமிர்ந்து நின்றது.

மேடையில் 19 பேர். பெண் ஒருவர்தான்: இசைவாணி. கானாவை ஆண்கள் பாட்டு என்றே பழக்கிவைத்திருந்தார்கள். இரவெல்லாம் தெருவில் உட்கார்ந்து பாட ஆண்களால்தானே முடிந்தது? 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றார். சாதியை எதிர்க்கும் மேடையிலும் 19-இல் ஒன்று என்ற கணக்கு எனக்கு உறுத்தியது. ஆனாலும் அந்த ஒரு குரல் என் ஊரைத் திரும்பிப் பார்க்கவைத்தது.

எங்கள் பக்கம் களத்தில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. வள்ளி கும்மிக்கு நூற்றுக்கணக்கில் வருவோம். ஆண்களின் ஆட்டமாக இருந்ததைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அது பெரிய மாற்றம். கால் கடுக்க ஆடி முடித்ததும் வரும் சந்தோஷமும் பொய்யில்லை. ஆனால் நான் ஆடிய களத்தில் மைக் ஆசிரியர் கையில்தான் இருந்தது. ஓரடி நானும் பாடட்டுமா என்றேன். "ஆடுனாப் போதும் அம்மிணி, பாடறக்கு ஆளு இருக்குது" என்றார் பெரியம்மா.

கதை யாருடையது? தினைப்புனம் காத்த வேடர் மகள், தன் குலத்தில் பிறக்காத முருகனைக் கைப்பிடித்த கதை. அதை ஆடும் பிள்ளைகளுக்கு, சொந்தச் சாதியில்தான் கல்யாணம் என்று அதே களத்தில் உபதேசம் நடப்பதையும் கேட்டிருக்கிறேன். வள்ளி செய்ததைத்தான் கௌசல்யாவும் செய்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் அவர் கணவர் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா பிறகு பறை கற்றார், மேடைகளில் அடித்தார்.

கும்மிக்குப் போகும் பிள்ளைகளே, ஆட்டத்தை விடாதீர்கள், மைக்கையும் கேளுங்கள். வள்ளி சம்மதித்தாள் என்று ஆசிரியர் பாடுவது வேறு. நான் சம்மதித்தேன் என்று அவளே பாடுவது வேறு.