முகவரி தேடி அலைய வைக்காத இணையதளம்

கடையோ மருத்துவமனையோ, அதன் இணையதளத்துக்கு வரும் பலர் தேடுவது தொலைபேசி எண், முகவரி, திறந்திருக்கும் நேரம் ஆகிய மூன்றைத்தான். இவை எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில், மேலேயோ அடியிலோ, இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பும், பல பக்கங்களில் வரும் தொடர்பு விவரங்களின் வரிசை பக்கத்துக்குப் பக்கம் மாறக்கூடாது என்கிறது.

எண்ணைப் படமாகப் போடுவது பரவலான தவறு. தனியே விளக்கம் எழுதாவிட்டால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு அந்தப் படம் எதையும் சொல்லாது. எழுத்தாகத் தந்து அழைப்பு இணைப்பும் கொடுத்தால், கைபேசியில் எண்ணைத் தொட்டே அழைக்க முடியும். முன்னால் +91 இருந்தால் வெளிநாட்டிலிருந்தும் அழைக்கலாம்.

முகவரியில் கதவு எண், தெரு, ஊர், ஆறு இலக்க பின்கோடு ஆகியவற்றுடன், அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தையோ கோயிலையோ குறிப்பிட்டால் வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. வரைபடம் அதற்குத் துணை மட்டுமே. இணைய வேகம் குறைந்த இடத்தில் அது திறக்காமல் போகலாம்.

இணைய வணிகத்தில் தொடர்பு விவரங்களைத் தருவது சட்டக் கடமையும்கூட. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், தலைமையகம், கிளைகளின் முகவரி, வாடிக்கையாளர் சேவையின், குறைதீர் அலுவலரின் தொடர்பு விவரங்கள் ஆகியவை தளத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். புகார் கிடைத்ததை அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இடமோ எண்ணோ மாறினால், தளத்திலும் வரைபடத்திலும் உடனே திருத்துவது கடைசி வேலை.