நிழல் எல்லோருக்கும், வீடு சிலருக்கு

இரவு எட்டு மணிக்கு இத்தாலியின் போலோன்யா நகரில் சாப்பாட்டு மேஜைகள் நிரம்பத் தொடங்கிவிடுகின்றன. அதே நேரத்தில் ஸ்பெயினின் வலென்சியாவில் சாப்பாட்டைப் பற்றி யாரும் யோசிப்பதுகூட இல்லை. இத்தனைக்கும் இரு நாட்டுக் கடிகாரங்களும் காட்டுவது ஒரே மணி. 1940ல் சர்வாதிகாரி பிராங்கோ ஸ்பெயினின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார். அது இன்றுவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மேற்குக் கோடியில் இருக்கும் நாட்டில் சூரியன் தாமதமாக மறைகிறது. சாப்பாடும் அப்படியே.

மற்றபடி, வாழ்க்கைத் தரத்தில் மத்தியதரைக் கடலோரத்தின் இந்த இரு நாடுகளும் அண்ணன் தம்பிகள். இரண்டிலும் சராசரி ஆயுள் 83 வயதைத் தாண்டிவிட்டது. எல்லோருக்குமான அரசு மருத்துவ சேவைக்கு இத்தாலி 1978லும் ஸ்பெயின் 1986லும் சட்டம் இயற்றின. உடல் உறுப்பு தானத்தில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக உலகில் முதலிடம் ஸ்பெயினுக்குத்தான்.

காசு கொடுக்காமல் கிடைக்கும் சுகங்களும் உண்டு. போலோன்யாவில் தூண்கள் தாங்கும் கூரையிட்ட நடைபாதைகளின் மொத்த நீளம் 62 கி.மீ. வீட்டுக்காரர் தன் செலவில் அதைக் கட்டிப் பராமரிக்க வேண்டும், நடக்கும் உரிமை ஊருக்கு என்று 1288லேயே நகர நிர்வாகம் விதித்துவிட்டது. நம்மூர்த் திண்ணையின் தர்மம்தான், சட்டமாக. மழையோ வெயிலோ, குடையில்லாமல் நகரைச் சுற்றி வரலாம்.

வலென்சியாவின் நிழல் போராடிப் பெற்றது. 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா நதியை நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். வறண்ட பழைய படுகையில் நெடுஞ்சாலை போட அரசு திட்டமிட்டது. மக்கள் பூங்கா கேட்டார்கள். 1976ல் படுகை நகராட்சியின் கைக்கு வந்தது. இன்று அங்கே சுமார் 9 கி.மீ. நீளத்துக்கு மரங்கள், மைதானங்கள், சைக்கிள் பாதைகள். 2024 அக்டோபர் வெள்ளம் அந்த மாகாணத்தில் 220க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டபோதும், திருப்பிவிடப்பட்ட புதிய கால்வாய் பழைய நகரைக் காப்பாற்றியது. ஆனால் கால்வாய்க்குத் தெற்கே இருந்த புறநகர்கள் மூழ்கின.

வாழ்க்கைத் தரத்துக்கும் இப்படி ஒரு கரை உண்டு. அதற்கு வெளியே நிற்பவர்களில் முதலாமவர்கள் இளைஞர்கள். இரு நாடுகளிலும் பெற்றோர் வீட்டைவிட்டுத் தனிக்குடித்தனம் போக ஏறத்தாழ 30 வயதாகிவிடுகிறது. இதற்கு அம்மாவின் சமையல் மட்டுமே காரணமல்ல. இத்தாலியில் 2020ல் சராசரிச் சம்பளத்தின் வாங்கும் சக்தி 1990ல் இருந்ததைவிடக் குறைவு. குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் அங்கே இல்லை. ஸ்பெயினில் அந்த ஊதியம் 2018ல் 736 யூரோவாக இருந்து 2025ல் 1,184 ஆனது, அதுவும் ஆண்டுக்கு 14 தவணைகள். ஆனால் 2013ல் 26 சதவீதத்தைத் தொட்ட வேலையின்மை, இறங்கிய பிறகும் இத்தாலியைவிட அதிகம். ஊதிய உயர்வை வாடகை விழுங்குகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான வாடகைக் குடியிருப்புகளை 2028 நவம்பருக்குள் ஒழிப்பதாக பார்சிலோனா அறிவித்திருப்பது அதனால்தான்.

இரண்டாமவர்கள் வந்தேறிகள். வட இத்தாலியின் போ நதிச் சமவெளியில், புகழ்பெற்ற பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் மாடுகளைப் பராமரிப்பவர்களில் பலர் பஞ்சாபிகள். நோவெல்லாராவில் 2000லிருந்தே பெரிய குருத்வாரா இருக்கிறது. ஆனால் 2024 ஜூனில், ரோமுக்குத் தெற்கே லத்தினா பகுதியில் இயந்திரத்தில் சிக்கிக் கை துண்டான ஓர் இந்திய விவசாயத் தொழிலாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் விட்டுச் சென்றார்கள். பிறகு அவர் இறந்துபோனார். வேலைக்கான முறையான ஆவணங்கள் அவரிடம் இல்லை. ஸ்பெயினின் அல்மேரியாவில் பிளாஸ்டிக் கூரைகளுக்கடியில் காய்கறி பறிக்கும் மொராக்கோ நாட்டவரின் நிலையும் பொறாமைப்படத் தக்கதல்ல.

குடியுரிமை கேட்க இந்தியர்கள் இரு நாடுகளிலும் பத்தாண்டு சட்டப்படி வசித்திருக்க வேண்டும். இத்தாலியில் அதை ஐந்தாண்டாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் போதிய மக்கள் வாக்களிக்காததால் அது செல்லாமல் போனது.

எந்த நாட்டில் வாழ்க்கை மேல்? எழுபது வயது ஓய்வூதியக்காரர் கேட்டால், எங்கே நண்பர்கள் இருக்கிறார்களோ அங்கே போகச் சொல்லலாம். இருபத்தைந்து வயதுக்காரர் கேட்டால் முதலில் வாடகையை விசாரிக்கச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றால், ஆவணங்களை.