கிட்டத்தட்டச் சமம்

கேம்பஸ் இன்டர்வியூக்களில் பல வருடங்களாகச் சுற்றிவரும் ஒரு சி மொழிக் கேள்வி உண்டு. ஒரு ஃப்ளோட் மாறியில் 0.7 என்று போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே 'இது 0.7-ஐ விடச் சிறியதா?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? 'ஆமாம், சிறியது' என்கிறது கம்ப்யூட்டர். இப்போதுதானே போட்டது! இந்த விடையை மனப்பாடம் செய்தவர்கள் நிறைய. 0.7-க்குப் பதில் 0.5 போட்டால் இந்தக் குழப்பமே வராது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333... என்று முடியாமல் போகிறது அல்லவா? பைனரியில் 0.1, 0.7 போன்றவற்றுக்கும் அதே கதி. எங்கேயாவது வெட்டித்தான் வைக்க வேண்டும். ஃப்ளோட் சுமார் 7 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும், டபுள் 15, 16 வரை போகும். சி மொழியில் வெறுமனே 0.7 என்று எழுதினால் அது டபுள். அதனால்தான் இரண்டும் மோதுகின்றன. தாத்தா காலத்து அரை, கால், அரைக்கால், வீசம் (1/16) எல்லாம் கம்ப்யூட்டரில் கச்சிதமாக உட்காரும். ஆனால் 'மா' (1/20) உட்காராது!

இத்தனை சின்னப் பிழையால் என்ன வந்துவிடும்? 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தளத்தின் கடிகாரம், பத்தில் ஒரு வினாடியாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்த 0.1-ஐ 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு எண்ணிக்கைக்குப் பிழை, வினாடியில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் 36 லட்சம் எண்ணிக்கை, 0.34 வினாடி பிசகு. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பேட்ரியட் தவறான இடத்தில் தேடியது, சுடவில்லை. 28 அமெரிக்க ராணுவத்தினர் இறந்தார்கள்.

ஆகவே '==' வேண்டாம், வித்தியாசம் 0.00001-க்குள் இருந்தால் சமம் என்று வைத்துக்கொள் என்பார்கள். லேப் ரெக்கார்டுகளில் எல்லாம் இதுதான். யார் முதலில் எழுதினாரோ, எல்லோரும் காப்பி அடிக்கிறார்கள். ஏன் 0.00001? பதில் இருக்காது. எலக்ட்ரானின் நிறையையும் புரோட்டானின் நிறையையும் கிலோகிராமில் கொடுத்தால் இந்தச் சோதனை இரண்டும் சமம் என்று சொல்லும். புரோட்டான் 1836 மடங்கு கனம்! மறுபக்கம், ஒரு கோடிக்கு அருகில் ஃப்ளோட்டில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே இடைவெளியே 1. அங்கே இந்தச் சோதனை '==' போட்டதற்குச் சமம்தான்.

எண்ணின் அளவுக்கு ஏற்றபடி, அதாவது பெரிய எண்ணில் இத்தனை பங்கு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று வைப்பது மேல். 2015-இல் வந்த பைத்தான் 3.5-இல் இதற்கென்றே 'ஈஸ்க்ளோஸ்' வந்தது. நூறு கோடியில் ஒரு பங்கு வரை பொறுத்துக்கொள்ளும். ஆனால் சைன் பை பூஜ்யமா என்று அதனிடம் கேட்டால் இல்லை என்கிறது. கணக்கில் வருவது 0.00000000000000012 அளவில் ஒரு துணுக்கு. பூஜ்யத்தோடு ஒப்பிடும்போது பங்குக் கணக்கு உதவாது. அங்கே எது வரை பூஜ்யம் என்று ப்ரோகிராம் எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். அந்த எண் பாலத்தின் நீளமா, மருந்தின் அளவா என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு வம்பும் இருக்கிறது. அ-வும் ஆ-வும் கிட்டத்தட்டச் சமம், ஆ-வும் இ-யும் கிட்டத்தட்டச் சமம் என்றால் அ-வும் இ-யும் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தச் சமத்தை நம்பி ஒரு பட்டியலை வரிசைப்படுத்தினால், வரிசை தாறுமாறாகக்கூட வரலாம்.

பணக் கணக்கு எழுதுபவர்களுக்கு மட்டும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ரூபாயில் வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வைத்துவிடலாம். அங்கே '==' தாராளமாகப் போடலாம்.